ஆப்பில் 4 நிமிடம்... அசோக் பில்லரில் எத்தனை நிமிடம்?

அசோக் பில்லரின் உச்சியில் இருக்கும் சிங்கங்கள் நான்கு திசையையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கீழே பஸ்ஸுக்காக நிற்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் பார்ப்பது இரண்டே இடம். ஒன்று, பஸ் வர வேண்டிய திசை. இன்னொன்று, கையில் இருக்கும் போன்.

இந்த இரண்டாவது பார்வை புதிது. கொஞ்ச வருடங்களுக்கு முன்புவரை, பக்கத்தில் நிற்பவரிடம் '570 போயிடுச்சாங்க?' என்று கேட்பதுதான் நூறடி ரோட்டின் தகவல் தொழில்நுட்பம். 'இப்பதான் போச்சு' என்று பதில் வந்தால் முகம் தொங்கும். 'நானும் அரை மணி நேரமா நிக்கிறேன்' என்றால் ஓர் அற்ப சந்தோஷம், எப்படியும் அடுத்தது வந்துவிடும் என்று. இப்போது அதே கேள்வி ஆப்பிடம் போகிறது. வரைபடத்தில் ஒரு பஸ் படம் நகர்கிறது. '4 நிமிடம்' என்கிறது. அந்த நான்கு நிமிடம் உண்மையிலேயே நான்கு நிமிடம்தானா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'சென்னை ஒன்' என்ற செயலியைத் தொடங்கிவைத்தார். எம்.டி.சி பஸ், மெட்ரோ, புறநகர் ரயில், அதோடு ஆட்டோ, கேப். இவை எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் திட்டமிடலாம், க்யூ.ஆர் டிக்கெட் எடுக்கலாம், பஸ் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். செயலியின் சொந்தக்காரர் அரசு அமைப்பு: சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக கும்டா. உருவாக்கிக் கொடுத்தது ஒரு ஸ்டார்ட்அப்: 'நம்ம யாத்ரி' ஆட்டோ செயலியை நடத்தும் பெங்களூரின் மூவிங் டெக் இன்னோவேஷன்ஸ்.

ஒரு மாநகரம் தன் டிக்கெட் கவுன்டரை ஒரு இளம் நிறுவனத்தின் கையில் கட்டக் கொடுத்திருக்கிறது. உலகத்தின் பல நகரங்களும் இதைத்தான் செய்து பார்க்கின்றன. சில இடங்களில் பலித்திருக்கிறது. சில இடங்களில் நிறுவனமே காணாமல் போயிருக்கிறது.

தாம்பரம் போக மூன்று டிக்கெட்

அசோக் நகர் 11-வது அவென்யூ பக்கம் வீடு, தாம்பரத்தில் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடை அல்லது ஆட்டோ. அசோக் நகரில் பச்சை வழித்தட மெட்ரோ ஏறினால் ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர், அடுத்தது பரங்கிமலை. அங்கே இறங்கி புறநகர் ரயில். தாம்பரத்தில் இறங்கினால் ஆபீஸுக்கு இன்னொரு பஸ்.

காகிதத்தில் அழகான பயணம். மெட்ரோவும் மின்சார ரயிலும் சந்திக்கும் இடத்தில் மாறுகிறீர்கள், கிண்டி நெரிசலையும் கத்திப்பாராவையும் தலைக்கு மேலேயே கடந்துவிடுகிறீர்கள். ஆனால், இதற்கு எத்தனை இடத்தில் பணம் கட்ட வேண்டியிருந்தது? ஆட்டோவுக்கு ரொக்கமோ ஜிபேயோ. மெட்ரோவுக்கு கார்டு, இல்லாவிட்டால் வாட்ஸ்அப் டிக்கெட். புறநகர் ரயிலுக்கு ரயில்வேயின் யு.டி.எஸ் அல்லது கவுன்டர் க்யூ. பஸ்ஸில் கண்டக்டர், அவரிடம் சில்லறைத் தகராறு. இந்தச் சில்லறைத் தொல்லைகள் தனித்தனியாகப் பார்த்தால் சின்னவை. தினமும் இரண்டு வேளை என்றால், 'பேசாம பைக்ல போயிடலாம்' என்று ஒருவரை முடிவெடுக்க வைக்க அவை போதும். கும்டா குறிவைப்பது அந்த முடிவைத்தான்.

கும்டாவின் கதையே கொஞ்சம் சென்னை பஸ் மாதிரிதான். அதற்கான சட்டம் நிறைவேறியது 2010-ல். முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள்! ரயில்வே மத்திய அரசுடையது, மெட்ரோ மத்திய-மாநில கூட்டு நிறுவனம், எம்.டி.சி மாநில அரசுடையது, சாலையும் நடைபாதையும் மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் பங்கு போட்டுக்கொண்டவை. இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத்தான் அந்த அமைப்பு. உட்காரவைத்த பிறகு மூன்றே ஆண்டுகளுக்குள் ஆப் வந்துவிட்டது. தாமதம் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட சாட்சி தேவையில்லை. சாஃப்ட்வேர் எழுதுவது இதில் சுலபமான பகுதி.

25 ரூபாய்க்கு ஒரு நாள்

சென்னை ஒன்னைக் கட்டியவர்களின் முந்தைய கதை ஆட்டோ ஸ்டாண்டில் தொடங்குகிறது.

2022 நவம்பரில் பெங்களூரில் 'நம்ம யாத்ரி' வந்தது. பணப் பரிவர்த்தனை மென்பொருள் செய்யும் ஜஸ்பே நிறுவனம் அங்குள்ள ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தோடு சேர்ந்து தொடங்கியது. பெரிய செயலிகள் ஒவ்வொரு சவாரிக்கும் கமிஷன் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. நம்ம யாத்ரி கமிஷனே வேண்டாம் என்றது. ஆரம்பத்தில் இலவசம், பிறகு ஓட்டுநர் ஒரு நாளைக்கு 25 ரூபாய் கட்டினால் போதும், பயணி கொடுக்கும் பணம் முழுக்க அவருக்கே. ஒருவகையில் நம்மூர் நாள் வாடகைக் கணக்குதான். இது எடுபட்டது. பிறகு ரேபிடோ, ஓலா, உபர் என்று ஒவ்வொன்றாக ஆட்டோக்களுக்கு இதே போன்ற சந்தா முறைக்கு வந்தன. 2024-ல் மூவிங் டெக் தனி நிறுவனமாகப் பிரிந்தது. கூகுள் உட்பட முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள்.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. 2021-ல் கொச்சியில் 'யாத்ரி' என்ற பெயரில் இதேபோன்ற திறந்த வலையமைப்பு தொடங்கியது. 'திறந்த' என்றால், ஒரே ஆப்புக்குள் ஓட்டுநரும் பயணியும் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை. ஒரு பொதுவான மொழியில் பேசும் எந்த ஆப்பும் எந்த வண்டியையும் கூப்பிடலாம். ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக்கு எந்த ஆப் வழியாகவும் பணம் அனுப்புகிறோமே, அது மாதிரி. அந்தப் பொது மொழியின் பெயர் பெக்கன். மத்திய அரசின் ஓ.என்.டி.சி வணிக வலையமைப்பும் அதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. சென்னை மெட்ரோ டிக்கெட்டை 2024 முதல் வேறு தனியார் செயலிகளிலும் எடுக்க முடிவதற்குக் காரணம் இந்த ஓ.என்.டி.சி.

சரி, சென்னை ஆட்டோவுக்கு வருவோம். இங்கே மீட்டர் கதை தெரியாதவர் யார்? 2013 ஆகஸ்டில் அரசு கட்டணம் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். ஜி.பி.எஸ், பிரின்டர் எல்லாம் இணைந்த டிஜிட்டல் மீட்டரை ஆட்டோக்களுக்கு அரசே தரும் என்ற அறிவிப்பும் அப்போது வந்தது. அந்த மீட்டரைப் பார்த்த பயணி அதிர்ஷ்டசாலி. பெட்ரோல், கேஸ், உதிரி பாகங்கள் என்று எல்லா விலையும் ஏறியது, 25 ரூபாய் மட்டும் அப்படியே நின்றது. அரசு மாற்றாமல் விட்டதால் 2025 பிப்ரவரி 1 முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று ஓட்டுநர் சங்கங்கள் தாங்களே அறிவித்தன.

அசோக் நகர் மெட்ரோவில் இறங்கி கே.கே.நகர் உள்தெருவுக்குப் போகிறவருக்கு இந்த விலைச் சிக்கல் வெறும் செய்தி இல்லை. மெட்ரோ கட்டணத்தைவிட ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் ஆட்டோ கட்டணம் அதிகமாக இருக்கும் நாள்கள் உண்டு. ஆப்பில் ஆட்டோவைச் சேர்த்ததால் பேரம் குறையும், ஆள் கிடைப்பதும் சுலபமாகும். ஆனால், அரசே நடத்தும் ஒரு செயலியில் ஆட்டோ புக் செய்யும்போது, அரசே நிர்ணயித்த பழைய கட்டணம் புழக்கத்தில் இல்லாமல் இருப்பது விநோதமான காட்சி. இந்த முடிச்சை எந்த ஸ்டார்ட்அப்பும் அவிழ்க்க முடியாது. கோட்டையில் அவிழ்க்க வேண்டியது அது.

பஸ் படம் எப்படி நகர்கிறது?

இப்போது அந்த '4 நிமிடம்' விவகாரம்.

பஸ்ஸில் ஒரு ஜி.பி.எஸ் கருவி இருக்கிறது. சில விநாடிகளுக்கு ஒருமுறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மொபைல் நெட்வொர்க் வழியாக சர்வருக்குச் சொல்கிறது. சர்வர் அந்தப் புள்ளியை வழித்தடத்தின் மீது வைத்துப் பார்த்து, அடுத்த ஸ்டாப்புக்கு எவ்வளவு தூரம், இந்த நேரத்தில் இந்தச் சாலையில் பொதுவாக என்ன வேகம் என்று கணக்குப் போட்டு நிமிடத்தைச் சொல்கிறது. இதுவரை தொழில்நுட்பம்.

இதற்கு முந்தைய படி ஒன்று உண்டு, அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஜி.பி.எஸ் கருவிக்குத் தெரிவது பஸ்ஸை மட்டும்தான், ரூட்டை அல்ல. காலையில் 570 ஆக ஓடிய வண்டி மாலையில் வேறு நம்பர் போர்டு மாட்டிக்கொண்டு போகலாம். இன்று எந்த வண்டி, எந்த ரூட், எந்த ட்ரிப் என்று டெப்போவில் ஒருவர் பதிவு செய்ய வேண்டும். கடைசி நேரத்தில் வண்டி பழுதானாலோ, டிரைவர் வராமல் போனாலோ, அதையும் அவரே உடனே மாற்ற வேண்டும். பதிவு செய்யாவிட்டால், நிஜமாக ஓடும் பஸ் ஆப்பில் தெரியாது. ரத்தான ட்ரிப்பை நீக்காவிட்டால், ஆப்பில் ஓடும் பஸ் சாலையில் இருக்காது. உலகம் முழுக்கப் பயணிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பேய் பஸ்'. நான்கு நிமிடம் மூன்றாகும், இரண்டாகும், 'வந்துவிட்டது' என்று காட்டும். ஸ்டாப்பில் காற்றுதான் வரும்.

எம்.டி.சி-யிடம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள் இருக்கின்றன. 2022-ல் வந்த 'சென்னை பஸ்' செயலியும் இதே ஜி.பி.எஸ் தகவலை வைத்துத்தான் நேரம் சொன்னது. ஆகவே புள்ளி நகர்வது புதுமை இல்லை. புள்ளி பொய் சொல்லாமல் இருப்பதுதான் புதுமையாக இருக்க வேண்டும். அது பெங்களூரில் உட்கார்ந்து கோட் எழுதும் இன்ஜினீயர் கையில் பாதிதான் இருக்கிறது. மீதி பாதி கே.கே.நகர் டெப்போ, வடபழனி டெப்போ என்று ஒவ்வொரு பணிமனையிலும் அதிகாலையில் டியூட்டி சார்ட் போடுபவர் கையில்.

இன்னொரு உள்ளூர்ச் சிக்கல் மழை. அசோக் நகர், மேற்கு மாம்பலம் பக்கமிருந்து தி.நகர் போக ரயில் பாதையைக் கடந்தாக வேண்டும். துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை இரண்டும் கனமழையில் தண்ணீர் நிரம்பி மூடப்படுவது இந்தப் பகுதிக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. சுரங்கப்பாதை மூடியதும் பஸ்கள் சுற்றிப் போகும். மனிதர்கள் போன் போட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஆப்புக்கு யார் சொல்வது? போலீஸ், மாநகராட்சி, எம்.டி.சி மூவரும் ஒரே நிமிடத்தில் ஒரே தகவலைப் பகிர்ந்தால்தான் ஆப் வழியை மாற்றிக் காட்டும். வெயில் நாளில் ஆப் சரியாக இருப்பது பெரிய சாதனை இல்லை. நவம்பர் மாதத்து மாலை ஆறு மணிக்குச் சரியாக இருந்தால் பாராட்டலாம்.

டிக்கெட் இல்லாதவருக்கு ஆப் எதற்கு?

சென்னை ஒன் பற்றிய பேச்சில் அதிகம் அடிபட்டது டிக்கெட்தான். 2025 நவம்பரில், குறிப்பிட்ட யு.பி.ஐ செயலிகள் மூலம் பணம் கட்டினால் ஒருமுறை 1 ரூபாய்க்குப் பயணம் என்ற சலுகை வந்தபோது இன்னும் கூடுதலாக. ஒரு ரூபாய்க்கு மெட்ரோ என்றால் யார்தான் டவுன்லோடு செய்ய மாட்டார்கள்?

ஆனால், சென்னை பஸ்ஸில் ஏறுபவர்களில் ஒரு பெரிய கூட்டம் டிக்கெட்டுக்குப் பணமே கொடுப்பதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 'விடியல் பயணம்' என்று பெயர். அடையாளம் தெரிய முன்னும் பின்னும் பிங்க் பெயின்ட் அடித்த பஸ்களும் வந்தன.

அசோக் நகரின் அபார்ட்மென்ட்களில் காலையில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், தி.நகர் துணிக்கடைகளில் நிற்கும் பெண்கள், ஆஸ்பத்திரியில் உதவியாளராக வேலை பார்ப்பவர்கள்... இவர்களுக்கு க்யூ.ஆர் டிக்கெட் தேவையில்லை. ரூபாயை அவர்கள் ஏற்கெனவே மிச்சப்படுத்திவிட்டார்கள். அவர்கள் செலவழிப்பது நேரம். ஸ்டாப்புக்கு முதலில் வருவது டீலக்ஸாக இருக்கும், அதை விடுவார்கள். அடுத்தது ஏசி, அதையும் விடுவார்கள். சாதா பஸ் எப்போது வரும் என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. பத்து நிமிடமா, நாற்பது நிமிடமா? பத்து என்றால் நிற்கலாம். நாற்பது என்றால் ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாயை எடுத்துவிடலாம், அல்லது வேலை செய்யும் வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்பலாம். இரவு எட்டரைக்குக் கடை வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு இருட்டான ஸ்டாப்பில் நிற்கும் நாற்பது நிமிடமும், வெளிச்சமான கடை வாசலில் நிற்கும் நாற்பது நிமிடமும் ஒன்றல்ல.

ஆகவே இந்த ஆப்பின் மிகப் பெரிய பயனாளி, அதில் ஒரு பைசாகூடக் கட்டாதவராக இருக்கலாம். இங்கேதான் அரசும் ஸ்டார்ட்அப்பும் ஒரே மேசையில் உட்காரும்போது வரும் இழுபறி. எத்தனை டவுன்லோடு, எத்தனை டிக்கெட், எவ்வளவு பரிவர்த்தனை என்று பார்ப்பது ஒரு நிறுவனத்தின் இயல்பு. அந்தக் கணக்கில் சாதா பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் ஒரு பூஜ்யம். காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். எதை அளக்கச் சொல்கிறது என்பதில் கும்டாவின் அக்கறை தெரிந்துவிடும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் கதை வேறு. அவர்களுக்கு ஸ்டாப்பிலேயே எழுத்து ஓடும் போர்டு வேண்டும். ஆப்புக்குப் போகும் அதே தகவலை ஒரு போர்டுக்கும் அனுப்புவது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. வெயிலில் படிக்க முடிகிற போர்டாகவும், அதற்குக் கரன்ட் கட்டுபவராகவும் இருந்தால் போதும்.

அளவையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னை மெட்ரோ 2025 ஜூலையில் ஒரே மாதத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பயணங்களைக் கண்டது. கொண்டாட வேண்டிய எண்தான். எம்.டி.சி பஸ்கள் ஒரு நாளைக்கே முப்பது லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சுமக்கின்றன. அதாவது, மெட்ரோவின் ஒரு மாதக் கூட்டத்தை பஸ் நான்கு நாளில் ஏற்றிவிடுகிறது. ஸ்மார்ட் என்ற சொல் மெட்ரோவைச் சுற்றியே சுழன்றாலும், ஊர் ஓடுவது பஸ்ஸில்.

ஹெல்சிங்கியில் மூடிய கடை

'எல்லாப் போக்குவரத்தும் ஒரே ஆப்பில்' என்ற யோசனையை உலகுக்குப் பிரபலமாக்கியது ஃபின்லாந்து. 2016-ல் ஹெல்சிங்கியில் மாஸ் குளோபல் என்ற ஸ்டார்ட்அப் 'விம்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. மாதச் சந்தா கட்டினால் பஸ், ட்ராம், டாக்ஸி, வாடகை கார், சைக்கிள் எல்லாம் அதிலேயே. சினிமா பார்க்க ஒரு சந்தா கட்டுகிறோமே, அதுபோல ஊர் சுற்ற ஒரு சந்தா. நகரத் திட்டமிடல் கருத்தரங்குகளில் விம் பெயர் அடிபடாத நாள் இல்லை. பெரிய நிறுவனங்கள் முதலீடு செய்தன. மற்ற நாடுகளுக்கும் விரிந்தது.

2024-ல் மாஸ் குளோபல் திவாலானது.

ட்ராம் நின்றுவிடவில்லை. ஹெல்சிங்கி போக்குவரத்து அமைப்பான ஹெச்.எஸ்.எல்லுக்கு எப்போதும் சொந்த ஆப் இருந்தது, மக்கள் அதில் டிக்கெட் எடுத்தார்கள். அதுவே விம்மின் பிரச்னையும்கூட. பஸ் டிக்கெட்டை வாங்கி விற்பதில் லாபம் என்பதே பெரிதாகக் கிடையாது. அரசு மானியத்தில் ஓடும் பஸ்ஸில் இடைத்தரகருக்கு எங்கிருந்து பங்கு வரும்?

சென்னையின் ஏற்பாடு இந்த இடத்தில் வேறு மாதிரி. ஆப்பின் பெயரும் உரிமையும் கும்டாவுடையது. ஸ்டார்ட்அப் கட்டிக்கொடுத்துப் பராமரிக்கும் கைதான். நாளை வேறொரு நிறுவனம் வந்தாலும் சென்னை ஒன் என்ற கடை அதே இடத்தில் இருக்கலாம். பொதுவான மொழியில் பேசும் திறந்த வலையமைப்பும் இதற்கு உதவும். ஒருவர் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை.

சென்னைக்கு இந்தப் பாடம் ஹெல்சிங்கியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. 2019-ல் மாநகராட்சியும் ஸ்மார்ட்பைக் நிறுவனமும் சேர்ந்து வாடகை சைக்கிள் கொண்டுவந்தது நினைவிருக்கும். ஆப்பில் ஸ்கேன் செய்தால் பூட்டு திறக்கும். கொஞ்ச நாள் மெரினா பக்கமும் பூங்காக்கள் பக்கமும் உற்சாகமாக ஓடியது. பேட்டரி சைக்கிளும் வந்தது. பிறகு மெல்ல மெல்ல மறைந்தது. சைக்கிளில் குறை இல்லை. அதை ஓட்ட பாதை இல்லை. தண்ணீர் லாரிக்கும் மாநகர பஸ்ஸுக்கும் நடுவில் நூறடி ரோட்டில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவருக்கு இது புரியும்.

இதற்கு நேர் எதிராக ஓர் உதாரணமும் உண்டு. 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனம் ட்ரைமெட், கூகுளுடன் சேர்ந்து ஒரு சின்ன காரியம் செய்தது. தன் பஸ் ஸ்டாப்கள், ரூட்கள், நேரங்கள் எல்லாவற்றையும் யாரும் படிக்கக்கூடிய எளிய அட்டவணைகளாக எழுதிக் கொடுத்தது. ஆடம்பரம் எதுவும் இல்லை. அந்த எழுதும் முறைதான் இன்று உலகம் முழுக்க ஜி.டி.எஃப்.எஸ் என்ற பெயரில் தரநிலையாக இருக்கிறது. உங்கள் போனில் வரைபடம் எந்த பஸ் ஏறலாம் என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். சோதனை என்று தொடங்கியது இருபது வருடமாக நிற்கிறது. தகவல் நகரத்தின் கையில் இருந்தது, எல்லோருக்கும் கிடைத்தது என்பதே காரணம்.

சென்னை ஒன் சேர்க்கும் தகவலும் அப்படிப்பட்ட சொத்துதான். எந்த ஸ்டாப்பிலிருந்து எந்த ஸ்டாப்புக்கு, எந்த நேரத்தில், எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று இதுவரை இவ்வளவு துல்லியமாக யாருக்கும் தெரிந்ததில்லை. அசோக் நகரிலிருந்து ஏதோ ஓர் இடத்துக்குத் தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் தேடி, நேரடி பஸ் இல்லாமல் ஆட்டோ புக் செய்கிறார்கள் என்றால், அங்கே ஒரு சின்ன பஸ் விட வேண்டும் என்று அர்த்தம். 2013-ல் 'எஸ்' என்ற எழுத்தோடு உள்தெருக்களுக்கு வந்த சிறிய பஸ்கள் ஞாபகம் இருக்கிறதா? அப்போது ரூட்டை அனுபவத்தில் போட்டார்கள். இப்போது கேள்வியே கணக்காக வந்து நிற்கிறது. அதே நேரம், யார் எங்கே போகிறார் என்பது அந்தரங்கமான தகவல். பெயர், நம்பர் நீக்கி, கூட்டமாக மட்டும் பயன்படுத்த வேண்டிய ஒன்று.

ஆப் காட்டாத தூரம்

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023 மே மாதம் ஆகாய நடைபாதை திறந்தார்கள். சுமார் 570 மீட்டர். அதற்கு முன், ரயிலில் இறங்கி ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தித்தான் பஸ் பிடிக்க வேண்டும். தீபாவளி நேரத்தில் அது ஒரு வீர விளையாட்டு. அந்த நடைபாதையில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. ரயிலையும் பஸ்ஸையும் அது இணைத்த அளவுக்கு எந்த க்யூ.ஆரும் இணைக்கவில்லை.

அசோக் நகர் மெட்ரோ, 2015 ஜூன் 29 அன்று சென்னையின் முதல் மெட்ரோ ஓடியபோது இருந்த ஏழு ஸ்டேஷன்களில் ஒன்று. உதயம் தியேட்டருக்கு வந்தவர்களை இறக்கிவிட்ட ஸ்டேஷன். தியேட்டர் 2024-ல் மூடிவிட்டது, ஸ்டேஷனில் கூட்டம் மட்டும் கூடியிருக்கிறது. படி இறங்கினால் நூறடி ரோடு. எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புக்குப் போக இந்தச் சாலையைக் கடக்க வேண்டும். பாட்டியைக் கூட்டிக்கொண்டு, கையில் பையும் இருந்தால் அது எவ்வளவு நேரம் என்று எந்த ஆப்பும் சரியாகச் சொல்லாது. ஆப்பின் கணக்கில் 'நடை: 3 நிமிடம்'. நடைபாதையில் நிற்கும் பைக், திறந்த மழைநீர் வடிகால் மூடி, இளநீர் வண்டி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

அடுத்த பரீட்சை பக்கத்திலேயே வருகிறது. பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் போகும் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காவது வழித்தடம், அசோக் நகருக்கு அடுத்த ஸ்டேஷனான வடபழனி வழியாகத்தான் போகிறது. ஓட்டுநர் இல்லாமல் ஓடக்கூடிய ரயில்கள். அந்தப் பாதை முழுக்கத் திறந்ததும் போரூர்க்காரர் ஒருவர் வடபழனியில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, அசோக் நகரில் இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடிப்பார். அவருக்குத் தெரிய வேண்டியவை: எந்த வாசலில் இறங்குவது, லிஃப்ட் இன்று வேலை செய்கிறதா, வெளியே மழையா, சுரங்கப்பாதை திறந்திருக்கிறதா, அசோக் பில்லரில் அடுத்த சாதா பஸ் எத்தனை மணிக்கு.